குழுக் கொள்கை வடிகட்டிகளால் மேசைக்கணினிகளைப் பிரித்தறிதல்

குழுக் கொள்கை வடிகட்டிகளால் மேசைக்கணினிகளைப் பிரித்தறிதல் என்பது, ஒரே வலையமைப்பில் இணைந்துள்ள மேசைக்கணினிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் வெவ்வேறு மேலாண்மை விதிகள் சென்று சேருமாறு விண்டோஸ் இயங்குதளத்தில் ஏற்பாடு செய்யும் முறையாகும். எளிய பணி போலத் தோன்றினும், ஒரு கணினியிடம் "நீ மேசைக்கணினியா?" என்று நேரடியாகக் கேட்டு நம்பத்தக்க விடை பெறும் வழி எதுவும் இல்லை. மின்கலம் உள்ளதா, கணினியின் கூட்டுக்குத் தயாரிப்பாளர் இட்ட எண் எது, நிலைபொருள் தன்னை எவ்வாறு அறிவிக்கிறது என்னும் அடையாளங்களைக் கொண்டு ஊகிக்கவே முடியும். இவ்வடையாளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் பிழைபடக்கூடியவை. மின்தடைக்கு அஞ்சிக் கணினிதோறும் யூபிஎஸ் வைக்கும் வழக்கம் பரவிய தமிழ்நாட்டில், மிகப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் மின்கல அடையாளமே அதிகம் ஏமாற்றக்கூடியதாக உள்ளது.

பின்னணி

குரூப் பாலிசி எனப்படும் குழுக் கொள்கை, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி என்னும் கோப்பகச் சேவையுடன் சேர்ந்து 2000 ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் அறிமுகமானது. ஒரு நிறுவனத்தின் கணினிகள் அனைத்தும் ஓர் ஆள்களத்தில் இணைக்கப்பட்டிருக்கும். கடவுச்சொல் எத்தனை எழுத்துகள் கொண்டிருக்க வேண்டும், திரை எத்தனை நிமிடங்களில் பூட்டப்பட வேண்டும், இற்றைப்படுத்தல்கள் எந்த வழங்கியிலிருந்து பெறப்பட வேண்டும் போன்ற விதிகளை நிர்வாகி ஒரு கொள்கைத் தொகுப்பாக எழுதி வைப்பார். கணினிகள் இயங்கத் தொடங்கும்போதும், அதன் பிறகு 90 நிமிடங்களுக்கு ஒரு முறையும் இத்தொகுப்புகளைத் தாமே பெற்றுக்கொள்ளும். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் வழங்கியை நெருக்காதிருக்க, இந்த இடைவெளியுடன் 30 நிமிடங்கள் வரையிலான ஒரு தற்போக்கு நேரமும் சேர்க்கப்படுகிறது.

கொள்கைகள் ஒரு வரிசைப்படி செயற்படுத்தப்படுகின்றன. முதலில் கணினியிலேயே உள்ள கொள்கை, அடுத்து இருப்பிடத்துக்கு உரியது, அதற்கடுத்து ஆள்களத்துக்கு உரியது, கடைசியாக நிறுவன அலகுக்கு உரியது. இரண்டு கொள்கைகள் முரண்பட்டால் பிந்திச் செயற்படுவதே நிலைக்கும்.

மேசைக்கணினிகளை ஒரு நிறுவன அலகிலும் மடிக்கணினிகளை மற்றோர் அலகிலும் வைத்துவிட்டால் வடிகட்டிக்கே வேலையில்லை. பாடநூல்கள் இதனையே கூறுகின்றன. ஆனால் நடைமுறையில் நிறுவன அலகுகள் பெரும்பாலும் கிளை, துறை என்ற அடிப்படையில் அமைக்கப்படுகின்றன. கருவியின் வகை அங்கு கணக்கில் எடுக்கப்படுவதில்லை. மேலும், புதிதாக ஆள்களத்தில் இணைக்கப்படும் கணினி, வேறு ஏற்பாடு இல்லாதபோது, பொதுவான கணினிகள் கொள்கலனில் சென்று விழும். அது நிறுவன அலகு அன்று. அதனுடன் கொள்கைத் தொகுப்பு எதனையும் நேரடியாக இணைக்க இயலாது. யாரேனும் நினைவுடன் அதனை உரிய இடத்துக்கு நகர்த்தும்வரை அக்கணினி பொது விதிகளை மட்டுமே பெறும். இந்த இடைவெளியை நிரப்பவே வடிகட்டி பயன்படுகிறது.

தேவை

குளச்சலில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே ஒரு கடல் உணவு நிறுவனத்தின் கிளை அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் வழங்கிகளும் நாகர்கோவிலில் உள்ளன. கிளையில் 12 மேசைக்கணினிகளும் 4 மடிக்கணினிகளும் உள்ளன. மேசைக்கணினிகள் அலுவலகத்தை விட்டு வெளியே போவதில்லை. மடிக்கணினிகளோ முட்டம், தேங்காய்ப்பட்டணம் ஆகிய துறைமுகங்களுக்கும் ஊழியர்களின் வீடுகளுக்கும் பயணிக்கின்றன.

இந்நிறுவனம் விண்டோஸ் இற்றைப்படுத்தல்களைத் தன் சொந்த வழங்கி ஒன்றில் ஒரு முறை தரவிறக்கி, அங்கிருந்து எல்லாக் கணினிகளுக்கும் பகிர்கிறது. 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த டபிள்யூஎஸ்யூஎஸ் என்னும் சேவை இதற்கானது. (இதில் புதிய வசதிகள் இனிச் சேர்க்கப்படமாட்டா என்று மைக்ரோசாஃப்ட் 2024 ஆம் ஆண்டில் அறிவித்தது.) மேசைக்கணினிகளுக்கு இவ்வேற்பாடு மிகப் பொருத்தமானது; கிளையின் இணைய இணைப்பு மிச்சமாகும். ஆனால் இதே விதி மடிக்கணினிக்கும் சென்றுவிட்டால், அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் நாட்களில் அது அந்த வழங்கியை அடைய முடியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் எவற்றையும் பெறாது. வான்னகிரை என்னும் பணயத் தீநிரல் 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் இருந்தவை 59 நாட்கள். அத்தனை நாட்கள் தன் வழங்கியைக் காணாமல் ஊர் சுற்றும் மடிக்கணினி அரிதானதன்று.

அலுவலகத்தின் பதிலிவழங்கி முகவரியை நிலையாக இடும் விதியும் இத்தகையதே. மேசைக்கணினியில் அது முறையாக வேலை செய்யும். மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டு சென்றவுடன் இணையமே கிடைக்காது. மறுபுறம், வன்தட்டு மறையாக்கத்தைத் தொடங்கும் நிரல், தொலைவிலிருந்து இணைவதற்கான தனியார் வலையமைப்பு அமைப்புகள் ஆகியன மடிக்கணினிகளுக்கு முதன்மையாகத் தேவைப்படுகின்றன. பேருந்தில் தவறவிடப்படும் கணினி மேசைக்கணினியாக இருக்க வாய்ப்பில்லை.

மின்சாரச் சிக்கன விதிகளுக்கு வடிகட்டி தேவை என்று பலர் கருதுவது சரியன்று. விண்டோஸ் விஸ்டா முதல், உறக்க நிலை தொடர்பான விதிகள் மின்னிணைப்பில் உள்ளபோது ஒன்று, மின்கலத்தில் இயங்கும்போது ஒன்று எனத் தனித்தனியாகவே தரப்பட்டுள்ளன. பெரும்பாலான சூழல்களில் இவ்விரண்டையும் நிரப்புவதே போதும்.

வடிகட்டி செயற்படும் முறை

இங்கு வடிகட்டி எனப்படுவது டபிள்யூஎம்ஐ வடிகட்டியாகும். டபிள்யூஎம்ஐ என்பது கணினியின் வன்பொருள், மென்பொருள் விவரங்களை ஒரே சீரான வடிவில் வினவிப் பெற உதவும் விண்டோஸ் அமைப்பு. 1996 இல் பல நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு பொதுத் தர முயற்சியிலிருந்து இது பிறந்தது. குழுக் கொள்கையில் இதனை வடிகட்டியாகப் பயன்படுத்தும் வசதி விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் சர்வர் 2003 ஆகியவற்றுடன் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் 2000 கணினிகள் வடிகட்டியைப் பொருட்படுத்தாமல் கொள்கையை அப்படியே ஏற்றுக்கொண்டன. இரு இயங்குதளங்களும் கலந்திருந்த அக்கால வலையமைப்புகளில் இதனால் குழப்பங்கள் நேர்ந்தன.

வடிகட்டி என்பது உண்மையில் ஒரு வினவல் ஆகும். தரவுத்தளங்களில் பயன்படும் எஸ்க்யூஎல் மொழியை ஒத்த டபிள்யூக்யூஎல் என்னும் எளிய மொழியில் இது எழுதப்படுகிறது. கொள்கையைப் பெறும் கணினி அவ்வினவலைத் தன்மீதே இயக்கிப் பார்க்கும். விடையாக ஒரு வரியேனும் கிடைத்தால் கொள்கை செயற்படும். ஒன்றும் கிடைக்காவிட்டால் செயற்படாது. ஒரு கொள்கைத் தொகுப்புக்கு ஒரு வடிகட்டியை மட்டுமே இணைக்கலாம். ஒரே வடிகட்டிக்குள் பல வினவல்களை எழுதலாம். ஆனால் அவை அனைத்தும் விடை தந்தால்தான் வடிகட்டி திறக்கும்.

இந்த அமைப்பிலிருந்து ஒரு முக்கியமான குறை பிறக்கிறது. "இன்னது உண்டா?" என்று வடிகட்டியிடம் கேட்கலாம், "இன்னது இல்லையா?" என்று கேட்க இயலாது. இல்லாத பொருள் விடையாக எந்த வரியையும் தராது. வரி இல்லாவிட்டால் வடிகட்டி திறக்காது. வரிகளை எண்ணி, எண்ணிக்கை சுழியமா என்று பார்க்கும் வசதியும் இம்மொழியில் இல்லை. மடிக்கணினியைக் குறிவைப்பதைக் காட்டிலும் மேசைக்கணினியைக் குறிவைப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். மடிக்கணினியிடம் கூடுதலாக ஒன்று, அதாவது மின்கலம், இருக்கிறது. மேசைக்கணினியின் அடையாளமோ ஓர் இன்மை.

மின்கலத்தைக் கொண்டு அறிதல்

மிகப் பழையதும் எளியதுமான முறை, மின்கலங்களைப் பட்டியலிடும் 'வின்32_பேட்டரி' என்னும் வகுப்பை வினவுவதாகும். மின்கலம் இருந்தால் ஒரு வரி கிடைக்கும். எனவே அது மடிக்கணினி என்று கொள்ளப்படும். இதனைக் கொண்டு மேசைக்கணினிகளை நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால், நிர்வாகிகள் ஒரு சுற்றுவழியைக் கையாண்டனர். மேசைக்கணினிக்கான விதிகள் முதலில் எல்லாக் கணினிகளுக்கும் தரப்படும். பின்னர், முன்னுரிமை கூடிய மற்றொரு தொகுப்பு மின்கல வடிகட்டியுடன் வந்து, மடிக்கணினிகளில் மட்டும் அவ்விதிகளை மாற்றி எழுதும்.

இம்முறையில் யூபிஎஸ் ஒரு பெருந்தொல்லையாகும். யூபிஎஸ் கருவியை யூஎஸ்பி கம்பி வழியாகக் கணினியுடன் இணைத்தால், விண்டோஸ் அதனையும் ஒரு மின்கலமாகவே ஏற்றுக்கொள்கிறது. மின்தடையின்போது எத்தனை நிமிடங்கள் மீதமுள்ளன என்பதைத் திரையில் காட்டவும், மின்சாரம் தீரும் முன் கணினியை முறையாக நிறுத்தவும் இது உதவுகிறது. ஆனால் அதன் பக்கவிளைவாக, மேசையை விட்டு அசையாத ஒரு கணினி 'வின்32_பேட்டரி' வினவலுக்கு விடை தந்து மடிக்கணினியாகிவிடுகிறது. யூபிஎஸ் இணைக்கப்பட்டிருந்தால் மின்கலமாகக் கருதப்படலாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆவணமே ஒத்த வசதி ஒன்றைப் பற்றி எச்சரிக்கிறது.

மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் நாடுகளில் அலுவலக மேசைதோறும் யூபிஎஸ் இருப்பதில்லை. ஆகவே அங்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதனை ஓர் அடிக்குறிப்பாகவே கடந்து செல்கின்றன. தமிழ்நாட்டின் நிலை வேறு. 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்பற்றாக்குறையின்போது, குறிப்பாக 2012 இல், சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேர மின்தடை இருந்தது. யூபிஎஸ் இல்லாமல் கணினி வாங்குவது பொருளற்றதாகிவிட்டது. பற்றாக்குறை தீர்ந்த பிறகும் வழக்கம் நிலைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று தாக்கிய ஒக்கிப் புயலில் மாவட்டமெங்கும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் இருந்தன.

மேற்கூறிய குளச்சல் அலுவலகத்தில் மின்கல வடிகட்டி அமைக்கப்பட்டதாகக் கொண்டால் விளைவு விசித்திரமாக இருக்கும். சிறிய விலைமலிவான யூபிஎஸ் கருவிகளில் தரவுக் கம்பிக்கான துளையே இருப்பதில்லை. அவற்றுடன் இணைந்த கணினிகள் மேசைக்கணினிகளாகவே நீடிக்கும். சற்று விலை கூடிய யூபிஎஸ் பெற்றவை, யாரேனும் கம்பியைச் செருகியிருந்தால், மடிக்கணினிகளாக மாறும். கம்பி கழன்றால் அடுத்த முறை கொள்கை புதுப்பிக்கப்படும்போது மீண்டும் மேசைக்கணினிகளாகும். மடிக்கணினி விதிகளைப் பெற்ற மேசைக்கணினிகள் இற்றைப்படுத்தல்களை நாகர்கோவில் வழங்கியிடம் கேட்காமல், ஒவ்வொன்றும் தனித்தனியே இணையத்திலிருந்து தரவிறக்கத் தொடங்கும். கிளையின் இணைப்பு காரணமின்றித் திணறுவதாகவே அங்குள்ளோர்க்குத் தோன்றும். யூபிஎஸ் மீது ஐயம் எழ நெடுநாளாகும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. மின்கலம் பழுதாகி, அதனைக் கழற்றி வைத்துவிட்டு எப்போதும் மின்னிணைப்பிலேயே பயன்படுத்தப்படும் பழைய மடிக்கணினிகள் அலுவலகங்களில் பல உள்ளன. வடிகட்டியின் பார்வையில் அவை மேசைக்கணினிகளே. அவை உண்மையில் மேசையிலேயே இருக்குமானால் இத்தீர்ப்பு ஓரளவு சரி என்றும் சொல்லலாம். ஆனால் அவற்றையும் ஒருவர் பையிலிட்டு எடுத்துச் செல்ல முடியும்.

கையடக்க மின்கலங்களுக்கென்றே உள்ள 'வின்32_போர்ட்டபிள்பேட்டரி' என்னும் மற்றொரு வகுப்பைச் சிலர் பரிந்துரைப்பர். யூபிஎஸ் குழப்பம் இதில் குறைவு. எனினும் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதற்குரிய விவரத்தை நிரப்புவதில்லை.

கூட்டின் எண்

ஒவ்வொரு கணினியின் நிலைபொருளிலும் எஸ்எம்பயாஸ் என்னும் தரப்படி ஒரு விவர அட்டவணை உள்ளது. இத்தரத்தை டிஎம்டிஎஃப் என்னும் தொழில்துறை அமைப்பு பராமரிக்கிறது. கணினியின் கூடு எவ்வகையானது என்பதற்கு அவ்வட்டவணையில் ஓர் எண் இடப்படுகிறது. 3 என்றால் மேசைக்கணினி, 6 சிறு கோபுரம், 7 கோபுரம், 9 மடிக்கணினி, 10 குறிப்பேட்டுக் கணினி, 13 திரையும் கணினியும் ஒன்றானது, 23 அடுக்குச்சட்டத்தில் பொருத்தப்படுவது. பிட்சாப் பெட்டிக்கு 5 என்றும் மதிய உணவுப் பெட்டிக்கு 16 என்றும் எண்கள் உண்டு. இவை வேடிக்கைக்காக இடப்பட்டவை அல்ல, அக்காலத்தில் அவ்வடிவக் கூடுகள் உண்மையாகவே விற்பனையில் இருந்தன. பலகைக் கணினிக்கான 30, மடக்கித் திருப்பக்கூடியதற்கான 31, திரை கழற்றக்கூடியதற்கான 32 ஆகியன பின்னர் சேர்க்கப்பட்டவை.

பிரித்தறிவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை என்று தோன்றும். விண்டோஸில் இவ்வெண் 'வின்32_சிஸ்டம்என்க்ளோஷர்' வகுப்பின் 'சேசிஸ்டைப்ஸ்' என்னும் பண்பில் கிடைக்கிறது. ஆயினும் இதனை வடிகட்டியில் பயன்படுத்த முடியாது. ஒரு கணினிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டு வகைகள் இருக்கலாம் என்பதால் இப்பண்பு ஒற்றை எண்ணாக இல்லாமல் ஓர் அணியாக வரையறுக்கப்பட்டுள்ளது. டபிள்யூக்யூஎல் மொழியோ அணிப் பண்புகளை நிபந்தனையில் ஏற்பதில்லை. 'சேசிஸ்டைப்ஸ் = 3' என்று எழுதப்படும் வடிகட்டி எக்கணினியிலும் திறப்பதில்லை. வினவல் எழுதியவருக்கு இது புரியாமல், கொள்கையிலேயே பிழை இருப்பதாகத் தேடி அலைவது வழக்கம்.

கூட்டின் எண்ணையே பயன்படுத்த விரும்புவோர் அதனை நேரடி வடிகட்டியாக அல்லாமல் நிரல்வழியாகப் பெறுகின்றனர். கணினி தொடங்கும்போது இயங்கும் ஒரு சிறு நிரல் அணியைப் படித்து, "மேசை" அல்லது "மடி" என்று பதிவகத்தில் எழுதி வைக்கும். அல்லது கணினியை ஆக்டிவ் டைரக்டரியில் உரிய குழுவில் சேர்க்கும். நிரலில் உள்ள எண்களின் பட்டியல் அவ்வப்போது திருத்தப்பட வேண்டும். 31, 32 ஆகிய எண்கள் தோன்றுமுன் எழுதப்பட்டு இன்றும் படியெடுக்கப்படும் நிரல்கள், புதிய மடிக்கணினிகள் சிலவற்றை எவ்வகையிலும் சேர்க்காமல் விட்டுவிடுகின்றன.

நிலைபொருளின் அறிவிப்பு

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 'வின்32_கம்ப்யூட்டர்சிஸ்டம்' வகுப்பில் 'பிசிசிஸ்டம்டைப்' என்னும் பண்பு கிடைக்கிறது. இது ஒற்றை எண்ணாகும். ஆகவே வடிகட்டியில் பயன்படும். 1 மேசைக்கணினி, 2 இடம்பெயரும் கணினி, 3 பணிநிலையம், 4 பெருநிறுவன வழங்கி; 0 எனில் குறிப்பிடப்படவில்லை. தயாரிப்பாளர் நிலைபொருளில் குறிக்கும் மின்சார மேலாண்மைப் பயன்பாட்டு வகையுடன் இவ்வெண்கள் ஒத்துப்போகின்றன. யூபிஎஸ் இணைப்பதாலோ மின்கலம் கழற்றுவதாலோ இது மாறுவதில்லை என்பது இதன் சிறப்பு.

இப்பண்பைக் கொண்டு மேசைக்கணினியைக் குறிவைக்க இரு வழிகள் உள்ளன. "செலக்ட் * ஃப்ரம் வின்32_கம்ப்யூட்டர்சிஸ்டம் வேர் பிசிசிஸ்டம்டைப் <> 2" என்பது இடம்பெயராதவை அனைத்தையும் ஏற்கும். முடிவில் "= 1" என்று எழுதினால் தம்மை மேசைக்கணினி என்று அறிவித்தவை மட்டும் ஏற்கப்படும். முதலாவது தாராளமானது; எதுவும் குறிப்பிடாத கணினிகளும் வழங்கிகளும் அதில் உள்ளே வந்துவிடும். இரண்டாவது கண்டிப்பானது; பணிநிலையம் என்று அறிவித்த கணினி விடுபடும், அதனைச் சேர்க்க வேண்டுமானால் "அல்லது 3" என்று கூட்ட வேண்டும். வழங்கிகளை விலக்க, 'வின்32_ஆப்பரேட்டிங்சிஸ்டம்' வகுப்பின் 'ப்ராடக்ட்டைப்' பண்பு 1 ஆக இருக்க வேண்டும் என்ற இரண்டாம் வினவலும் அதே வடிகட்டியில் சேர்க்கப்படுவதுண்டு. பணியாளர் கணினிக்கு 1, ஆள்களக் கட்டுப்பாட்டு வழங்கிக்கு 2, பிற வழங்கிகளுக்கு 3 என்பது அதன் கணக்கு.

விண்டோஸ் எக்ஸ்பியில் 'பிசிசிஸ்டம்டைப்' பண்பு இல்லை. எனவே அக்காலத்தில் இவ்வடிகட்டியை நம்பியவர்களின் எக்ஸ்பி கணினிகள் எந்த விதியையும் பெறவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றதால் இச்சிக்கல் பெரும்பாலும் மறைந்தது.

தயாரிப்பாளர் பெயர்

கணினியின் மாதிரிப் பெயரைக் கொண்டு வடிகட்டுவதும் உண்டு. டெல் நிறுவனத்தின் மேசைக்கணினிகள் ஆப்டிபிளெக்ஸ் என்றும் மடிக்கணினிகள் லாட்டிட்யூட் என்றும் 2025 வரை பெயர் பெற்றுவந்ததால், அப்பெயர்களை 'லைக்' என்னும் ஒப்பீட்டால் தேடலாம். ஒரே நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கும் இடங்களில் இது நன்கு பயன்படும். லெனோவோ கணினிகளில் 'மாடல்' என்ற பண்பில் வெறும் எண்ணெழுத்துக் குறியே இருக்கும்; திங்க்பேட் என்னும் பெயர் வேறொரு வகுப்பின் 'வெர்ஷன்' பண்பில் ஒளிந்திருக்கும்.

சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ பாகங்களை வாங்கி இணைத்த, அசெம்பிள்டு எனப்படும் கணினிகளில் இம்முறை முற்றிலும் தோற்றுவிடும். அவற்றின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "தயாரிப்பாளரால் நிரப்பப்பட வேண்டும்" என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடர் அப்படியே கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். தாய்ப்பலகை செய்த நிறுவனம் கணினியை முழுமையாக்குபவருக்கு விட்டுச்சென்ற வெற்றிடம் அது. கடைக்காரர் அதனை நிரப்புவதில்லை. எனினும் அதே கணினிகளில் கூட்டின் எண் வழக்கமாக 3 என்றே இருக்கும்.

வடிகட்டியின்றிப் பிரித்தல்

டபிள்யூஎம்ஐ வடிகட்டி ஒன்றே வழியன்று. ஆக்டிவ் டைரக்டரியில் மேசைக்கணினிகளுக்கு ஒரு குழுவை உருவாக்கி, கொள்கையைப் பெறும் உரிமையை அக்குழுவுக்கு மட்டும் தரலாம். இதில் ஊகத்துக்கு இடமில்லை. பட்டியலில் உள்ளது பெறும், இல்லாதது பெறாது. பட்டியலைப் பராமரிக்கும் உழைப்பே இதன் விலை. குழுவில் சேர்க்கப்பட்ட கணினி மறுபடி தொடங்கப்படும்வரை அவ்வுறுப்புரிமையை உணராது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மைக்ரோசாஃப்ட் 2006 இல் டெஸ்க்டாப்ஸ்டாண்டர்டு என்னும் நிறுவனத்தை வாங்கியது. அதன் மென்பொருள், குழுக் கொள்கை விருப்பங்கள் என்ற பெயரில் விண்டோஸ் சர்வர் 2008 உடன் சேர்ந்தது. இதில் ஒவ்வோர் உருப்படிக்கும் தனித்தனியே இலக்கு குறிக்கலாம். முக்கியமாக, நிபந்தனையை எதிர்மறையாக்கவும் முடியும். "மின்கலம் இல்லாத கணினி" என்று இங்கு நேரடியாகவே சொல்லலாம். மேலே குறிப்பிட்ட யூபிஎஸ் எச்சரிக்கை இவ்வசதியைப் பற்றியதே. விருப்பங்கள் பகுதியில் உள்ள உருப்படிகளுக்கு மட்டுமே இது பொருந்தும்; நிர்வாக வார்ப்புருக்களில் உள்ள விதிகளுக்கு இவ்வகை இலக்கு கிடையாது.

பிழையின் திசை

வடிகட்டி சில வேளைகளில் தவறும் என்பது உறுதியானால், எப்பக்கம் தவறுவது குறைந்த கேடு தரும் என்பதே கேட்கத்தக்க கேள்வி. கணினியில் டபிள்யூஎம்ஐ சேவை பழுதுபட்டிருந்தால் வினவலுக்கு விடை கிடைக்காது, வடிகட்டி திறக்காது, கொள்கை செயற்படாது. வடிகட்டியை யாரேனும் அழித்துவிட்டு இணைப்பை மட்டும் விட்டுவைத்தாலும் அந்தக் கொள்கைத் தொகுப்பு செயற்படுவதில்லை. அதாவது, பழுது எப்போதும் "இல்லை" என்னும் பக்கமே சாய்கிறது.

முன்னர் கண்ட மின்கலச் சுற்றுவழியை இதன் வெளிச்சத்தில் பார்த்தால் அதன் குறை தெரியும். அங்கு மேசைக்கணினி விதிகள் எல்லோர்க்கும் பொது. மடிக்கணினிக்கான பாதுகாப்பு வடிகட்டிக்குப் பின்னால் உள்ளது. வடிகட்டி தவறும் மடிக்கணினி, மறையாக்கமின்றியும் எட்டாத வழங்கியை நம்பியும் வெளியே செல்லும். வரிசையைத் திருப்பி அமைத்தால் நிலை மாறும். மடிக்கணினிக்கான கண்டிப்பான விதிகளை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக்கி, "பிசிசிஸ்டம்டைப் = 1" என்னும் வடிகட்டியால் மேசைக்கணினிகளுக்கு மட்டும் தளர்த்தினால், தவறும் கணினி கூடுதல் கண்டிப்பைப் பெறும். குளச்சல் கிளையில் ஒரு மேசைக்கணினி வீணாக மறையாக்கப்படலாம், அல்லது இற்றைப்படுத்தலைத் தானே இணையத்திலிருந்து இறக்கலாம். தொல்லைதான், எனினும் கேட்பாரற்றுத் தொலைந்த கணினியில் வாடிக்கையாளர் கணக்குகள் திறந்து கிடப்பதோடு இதனை ஒப்பிட இயலாது.

வடிகட்டி ஒரு கணினியில் என்ன முடிவு செய்தது என்பதை 'ஜிபிரிசல்ட்' என்னும் கட்டளையால் அறியலாம். செயற்படாத கொள்கைகளின் பட்டியலில், டபிள்யூஎம்ஐ வடிகட்டியால் மறுக்கப்பட்டவை அவ்வாறே குறிக்கப்பட்டிருக்கும். புதிய வடிகட்டியை உண்மையான விதிகளுடன் இணைக்குமுன், ஒன்றுமற்ற வெறும் கொள்கைத் தொகுப்பு ஒன்றுடன் இணைத்துச் சில நாட்கள் கவனிப்பது நல்ல வழக்கம். வினவல்கள் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் இயங்குவதால் விரைவாக முடியக்கூடியவையாக இருக்க வேண்டும். நிறுவப்பட்ட மென்பொருள்களைப் பட்டியலிடும் 'வின்32_ப்ராடக்ட்' வகுப்பு இதற்கு நேர்மாறானது. அதனை வினவினால் கணினியில் உள்ள நிறுவல் தொகுப்புகள் ஒவ்வொன்றும் சரிபார்க்கப்படும். அதனை வடிகட்டியில் வைத்தவர்களின் கணினிகள் காலையில் தொடங்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும்.

பிற அமைப்புகளில்

ஆள்களத்தில் இணையும் வசதி விண்டோஸின் இல்லப் பதிப்புகளில் இல்லை என்பதால் குழுக் கொள்கையும் அவற்றைச் சென்றடைவதில்லை. இணையம் வழியாகக் கருவிகளை மேலாளும் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் சேவையிலும் வடிகட்டிகள் உள்ளன. அங்கு தயாரிப்பாளர், மாதிரி முதலிய பண்புகளைக் கொண்டு வடிகட்டலாம். ஆகவே பெயர்வழி அறிதலின் குறைகள் அங்கும் தொடர்கின்றன.

லினக்ஸ் இயங்குதளங்களில் குழுக் கொள்கை இயல்பாக இல்லை. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்து வழங்கப்பட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் வழிவந்த இன்றைய இயங்குதளங்களில் பரவலாக உள்ள சிஸ்டம்டி மென்பொருள், எஸ்எம்பயாஸ் எண்ணையும் நிலைபொருளின் மின்சார விவரத்தையும் பார்த்துக் கணினியை மேசை, மடி, வழங்கி, பலகை, மெய்நிகர் எனத் தானே வகைப்படுத்துகிறது. 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' என்னும் கட்டளை அவ்வகையைக் காட்டும். அந்த ஊகம் தவறாக இருந்தால், நிர்வாகி இயந்திர விவரக் கோப்பில் சரியான வகையைக் கையாலேயே எழுதி வைக்கலாம். எழுதப்பட்டது இருக்கும்வரை மென்பொருள் ஊகிப்பதில்லை.